விசிறிக் காம்பால் பெட்ரோல் அளந்த நாட்கள்

நவி மும்பையில், கோபர்கைரனேயில் என் மகன் வீடு நாலாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது என் வழக்கம். படிப்பது என்று சொல்வது சற்று அதிகம். கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டு, கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். போன வாரம் கீழ்வீட்டு வங்கிக்காரர் தம் பழைய ஸ்கூட்டருக்குக் குர்லாவில் வாங்கிவந்த புது சைலன்சரை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்து ஒரு உதை உதைத்தார். கட்டடமே திரும்பிப் பார்த்தது. நீலப் புகை மெதுவாக மாடி மாடியாக ஏறி எங்கள் வீடு வரைக்கும் வந்தது. மருமகள் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினாள். நான் மட்டும் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி அதை இரண்டு இழுப்பு இழுத்தேன். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து எரியும் அந்த வாசனை எனக்குப் பிடிக்கும்.

அவர் மேலே பார்த்து, "அங்கிள், ஆவாஜ் கைஸா ஹை?" என்றார்.

சத்தம் ஜோர்தான் என்றேன். பிறகு மனசு கேட்காமல், கார்புரேட்டரைச் சரிபார்த்தாயிற்றா என்று கேட்டேன். அதற்கு என்ன அவசியம், மாற்றினது சைலன்சரைத்தானே என்றார். உள்ளே வந்து உட்கார்ந்த எனக்கு அன்று முழுக்கச் சேஷன் ஞாபகம்தான்.

சேஷனும் நானும் மாட்டுங்காவில் ஒரே அறையில் இருந்தோம். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். இரண்டு பேரும் பாலக்காட்டுப் பக்கம், கல்யாணம் ஆகவில்லை, ஒரே மெஸ்ஸில் சாப்பாடு. அவன் ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. தோல் பை நிறைய டானிக் பாட்டில்களை எடுத்துக்கொண்டு சயான், குர்லா, செம்பூர் என்று டாக்டர் டாக்டராகப் போய் வருவான். பை அறையில் இருந்தால் அறையெல்லாம் ஆரஞ்சுத்தோலும் இரும்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை அடிக்கும். மனிதனும் அப்படித்தான், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் உறுதி. கதவைப் பூட்டாமல் குளிக்கப் போவான். ஸ்டேஷனில் யாராவது, "இந்த வண்டி தாதர் போகும்" என்றால், எங்கே போகிறது என்று பார்க்காமலே ஏறிவிடுவான். ஒருமுறை அப்படி ஏறித்தான் கல்யாண் வரைக்கும் போய்வந்தான். சொன்ன ஆளைத் திட்டக்கூட இல்லை. "பாவம், அவனுக்கும் தெரியலை" என்றான்.

நான் நேர் எதிர். எனக்குக் கோட்டைப் பக்கம் ஒரு தீ இன்ஷூரன்ஸ் ஆபீசில் நஷ்ட ஈட்டுப் பிரிவில் வேலை. சந்தேகப்படுவதற்காகவே மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் நீங்கள் சிரிக்கக் கூடாது. பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், பஞ்சு இருந்ததா, கிடங்கு இருந்ததா, தீயே இருந்ததா என்று மூன்று தடவை கேட்பது என் உத்தியோகம். பூனை விளக்கைத் தட்டிவிட்டது என்று எழுதியிருந்தால், பூனையைக் காட்டு என்பேன். சாயங்காலம் ஆபீசை விட்டு இறங்கும்போது இந்தப் புத்தியையும் அங்கேயே மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்கு வந்துவிடுவேன்.

வண்டி எப்படி வந்தது என்று சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு துரை, இத்தாலியிலிருந்து கப்பலில் வரவழைத்த ஸ்கூட்டர் ஒன்றை வைத்திருந்தார். அப்போது பம்பாயில் ஸ்கூட்டர் என்பதே அபூர்வம்; ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் அவர் அதைச் சேஷனுக்குத் தெரிந்த டாக்டர் மூலமாக விற்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். திங்கள், புதன், வெள்ளி சேஷனுக்கு. செவ்வாய், வியாழன், சனி எனக்கு, எரிந்த கிடங்குகளைப் பார்க்கப் போக. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கிங்ஸ் சர்க்கிளைச் சும்மா சுற்றிவருவோம். வண்டிக்குப் பூட்டும் இல்லை, எத்தனை மைல் ஓடியது என்று காட்டும் கடிகாரமும் இல்லை. அந்த இரண்டாவது குறைதான் பின்னால் என்னைப் பிடித்து ஆட்டியது.

ஒரு நாள் தாராவிப் பக்கம் நான் ஓட்டிப்போய் நெரிசலில் நின்றிருக்கையில் ஒரு கைவண்டி பின்னால் வந்து மோதியது. அடி எல்லாம் சைலன்சருக்கு. நசுங்கிப் பிளந்துவிட்டது. கம்பெனிச் சாமான் வேண்டுமென்றால் கப்பலில் வரவேண்டும், ஆறு மாதமாகும் என்றார்கள். அப்போதுதான் சுடலைமுத்துவைப் பிடித்தோம். திருநெல்வேலிக்காரர். யுத்தத்தின்போது பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் பழுதுபார்த்தவர். தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தார். எல்லோரும் அவரை மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய சைலன்சரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டி, நாலு நாளில் புதிதாக ஒன்று செய்துவிட்டார். பார்க்க அசல் மாதிரியே இருந்தது. குரல் மட்டும் வேறு. அசல் இருமுவது போல் ஓடும். இது உறுமியது.

மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். மிஸ்திரி வண்டியைத் தரவில்லை.

"சாமி, இப்பம் இதுக்கு மூச்சு மாறிட்டு பாத்துக்கிடுங்க. முன்ன அடக்கி அடக்கி விட்டுது, இப்பம் தாராளமா விடுது. மூச்சு தாராளமானா சாப்பாடும் தாராளமாக் குடுக்கணும்லா? இல்லேன்னா உள்ள காஞ்சிரும்."

என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சயான் மேட்டுக்கு ஓட்டிப்போனார். ஏற்றத்தில் முழு வேகத்தில் முறுக்கிப் பாதி வழியில் சட்டென்று இன்ஜினை அணைத்து ஓரம் கட்டினார். சுடச்சுடப் பிளக்கைக் கழற்றி என் முகத்துக்கு நேரே பிடித்தார். நுனி வெளுத்துப்போயிருந்தது.

"சுண்ணாம்பு மாரி இருக்கு பாருங்க, சாப்பாடு பத்தல. இது ஆவாது. அடுப்புக்கரி மாரி இருந்தாலும் ஆவாது. நல்லா காஞ்ச சிரட்டை நிறத்துல இருக்கணும்."

பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரைத் திறந்தார். உள்ளே ஒரு பித்தளை ஊசி. அதன் தலைப்பக்கம் வரிசையாக மெல்லிய வெட்டுகள்; ஒரு வெட்டில் சின்னக் க்ளிப் மாட்டியிருந்தது. க்ளிப்பை வெட்டு மாற்றிப் போட்டால் ஊசி ஏறும் அல்லது இறங்கும். ஊசி ஏறினால் பெட்ரோல் அதிகம் போகும், இறங்கினால் குறையும். அவர் ஊசியை ஏற்றினார். ஜெட் என்னும் சின்னத் துளையையும் மெல்லிய கம்பி போட்டு மயிரிழை பெரிதாக்கினார். மறுபடி மேடு, மறுபடி அணைப்பு, மறுபடி பிளக். நான்காவது தடவை சிரட்டை நிறம் வந்தது. வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அலுத்துவிட்டது, ஆனால் கண் மட்டும் அவர் விரல்களை விட்டு அகலவில்லை. எதை எங்கே மாட்டுகிறார் என்று ஒவ்வொன்றாக மனசில் வாங்கிக்கொண்டேன். கற்றுக்கொள்ளும் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஏதாவது சாமானை மாற்றிவிடுவாரோ என்றுதான்.

அப்போது பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கூப்பன் தீர்ந்தால் வண்டி மாடிப்படிக்கு அடியில் நின்று தூசி தின்னவேண்டியதுதான். அதனால் டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது எங்களுக்கு ஒரு பெரிய விஷயம். புது சைலன்சர் வந்து இரண்டு வாரத்துக்குள் எனக்கு ஒன்று உறுத்தியது. பெட்ரோல் முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது.

மிஸ்திரி முன்னமே சொல்லியிருந்தார், சாப்பாடு தாராளமாகப் போகும் என்று. ஒரு சாதாரண மனிதனுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. இவ்வளவா, என்று கேட்டேன் என்னையே. உடைந்துபோன பனையோலை விசிறி ஒன்று அறையில் கிடந்தது. அதன் காம்பை உருவி, பிளேடால் வரிசையாகக் கீறல் போட்டேன். காலையில் சேஷன் பல் தேய்க்கும்போது கீழே போய், சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து காம்பை விட்டு எடுத்துப் பார்ப்பேன். சாயங்காலம் அவன் வந்ததும், வெற்றிலை வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி பார்ப்பேன். அந்த நாட்களில் என் வேஷ்டியில் எப்போதும் பெட்ரோல் வாசனை. மெஸ் மாமி ஒருநாள், "என்னடா அம்பி, விளக்கைக் கொட்டிண்டியா?" என்றாள். நான் வெற்றிலை போடுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

சேஷன் ஓட்டும் நாட்களில் பெட்ரோல் இறக்கம் அதிகமாக இருந்தது. நான் ஓட்டும் நாட்களில் குறைவு. எனக்கு அது போதும், வழக்கு முடிந்துவிட்டது. அவன் வேகமாக ஓட்டுவான், நான் கட்டை வண்டி மாதிரி ஓட்டுவேன் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிறகு எல்லாமே சாட்சியாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு புதன்கிழமை டயரில் சிவப்பு மண். குர்லாவில் ஏது சிவப்பு மண்? ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தடவி, நன்றாக வாரிக்கொண்டு கிளம்பினான். இன்னொரு நாள் மெஸ்ஸுக்கு வரும்போது மெதுவாக எதையோ முனகிக்கொண்டு வந்தான். மனிதன் பாடுவது ஒரு குற்றமா? அன்றைக்கு எனக்குக் குற்றமாகத்தான் பட்டது. யாரையோ பார்க்கப் போகிறான், என் பங்கு பெட்ரோலில் போகிறான், என்னிடம் சொல்லவில்லை. இந்த மூன்றில் எது அதிகமாக வலித்தது என்று இப்போது கேட்டால், மூன்றாவதுதான்.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வரும்போது, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"நேத்திக்கு எங்கெல்லாம் போனே?"

"குர்லா. அப்புறம் செம்பூர்ல ரெண்டு டாக்டர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஏண்டா?"

"சும்மாத்தான். வண்டி நன்னா ஓடறதா?"

"ஏக்தம் பர்ஸ்ட் கிளாஸ்! மிஸ்திரி கைலே என்னமோ இருக்குடா. பறக்கறது." அவன் முகத்தில் ஒரு மறைவும் இல்லை. எங்கள் பிரிவின் பெரிய குமாஸ்தா சொல்லுவார், ஒளிக்கத் தெரிந்தவன் முகம்தான் சுத்தமாக இருக்கும் என்று. அந்த வாக்கியத்தை நினைத்துக்கொண்டே அவன் கூட நடந்தேன்.

மறுநாள் மிஸ்திரியிடம் போனேன். ஒருவேளை இவரே ஏதாவது செய்திருப்பாரோ என்ற எண்ணமும் உண்டு. பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கிறது, குறைத்து வையுங்கள் என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"கொறைக்கலாம். கொறைச்சா இன்ஜின் சூடு தாங்காது சாமி. போற வேகத்துல பிஸ்டன் பிடிச்சிரும். சக்கரம் அப்படியே நின்னுரும். ஆளு முன்னால போயிருவான்."

"கொஞ்சம் குறைச்சாக்கூடவா?"

"கொஞ்சமோ நெறையவோ, நான் செய்ய மாட்டேன். அந்தச் சின்னச் சாமி காத்து மாரில்லா ஓட்டுதாரு."

சின்னச் சாமி என்றது சேஷனை. எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. இரண்டு பேரும் கூட்டோ என்று நினைத்துக்கொண்டே திரும்பிவந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெஸ்ஸில் அவியலும் பாயசமும் போட்டிருந்தார்கள். சேஷன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நான் கீழே இறங்கி, வண்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, மிஸ்திரி செய்ததை ஞாபகம் வைத்து அதே மாதிரி கார்புரேட்டரைக் கழற்றினேன். க்ளிப் ஒருதடவை தெறித்துப் படிக்குக் கீழே விழுந்தது; மண்டியிட்டுத் தேடி எடுத்தேன். ஊசியை இரண்டு வெட்டு இறக்கி மாட்டினேன்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க மட்டும் அதைச் செய்யவில்லை. அது ஒரு சோதனை. வண்டி குறைவாகக் குடிக்கும்படி வைத்தாயிற்று. இனியும் சேஷன் ஓட்டும் நாளில் பழையபடி இறங்கினால், அவன் சொல்லாத இடத்துக்குப் போகிறான் என்று அர்த்தம். இறங்காவிட்டால் குற்றம் கார்புரேட்டரின் மேல். சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவனிடம் சொல்லவில்லை. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்று எனக்கு என்மேலேயே ஒரு பெருமை வந்தது.

திங்கள் அவன் ஓட்டினான். செவ்வாய் நான். புதன் அவன். புதன்கிழமை சாயங்காலம் காம்பை விட்டுப் பார்த்தேன். இறக்கம் அற்பம். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் தெரிந்தது: சேஷன் சொன்ன இடங்களுக்குத்தான் போயிருக்கிறான். ஒரு மைல்கூட அதிகம் இல்லை. சிவப்பு மண் செம்பூர்ச் சாலை வேலைக்குக் கொட்டியது. வியாழக்கிழமை நான் அந்தப் பக்கம் ஓட்டிப்போனபோதும் டயரில் அதே மண் ஒட்டியது.

அந்த வியாழக்கிழமையைத்தான் நான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அன்று முழுக்க வண்டி என் கையில் இருந்தது. சீட்டுக்கு அடியில் ஸ்பானர் இருந்தது. கால்மணி நேர வேலை. ஊசியை மறுபடி ஏற்றி வைத்திருக்கலாம். சயான் பக்கம் நின்றபோது இன்ஜினிலிருந்து காய்ந்த வாணலி மாதிரி ஒரு வாசனை வந்தது, அதையும் கவனித்தேன். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்ரோல் மிச்சமாகிறதே என்று ஒரு ஆசை. அதைவிட, திறந்து வேலை செய்யும்போது சேஷன் வந்து, என்னடா செய்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற வெட்கம். ஞாயிற்றுக்கிழமை அவன் தூங்கும்போது சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சேஷன் செம்பூருக்குப் போனான். சயானைத் தாண்டினால் அந்தக் காலத்தில் சாலை நேராக, வெறிச்சென்று கிடக்கும். முழுக்க முறுக்கியிருக்கிறான். பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. மிஸ்திரி சொன்ன மாதிரியே ஆள் முன்னால் போனான். செம்பூர் அகதி முகாமில் இருந்த ஒரு சிந்திக்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவர்தான் வழியில் போன லாரியை நிறுத்தி அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். எனக்கு ஆபீசுக்கு டெலிபோன் வந்தது.

போனபோது வலது கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. கன்னத்தில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் அவன் கேட்டது, "வண்டிக்கு ரொம்ப அடியா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்பது எனக்கே தெரியாது.

"அந்த மிஸ்திரி என்னமோ கட்பட் பண்ணிக் கெடுத்துட்டான்டா" என்றான். "அவன் சைலன்சர் கச்சா மால், மட்டச் சரக்கு. மாட்டுங்காவிலே ஒருத்தரும் அவன்கிட்டப் போகக்கூடாது, சொல்லிடணும்."

சேஷன் ஒருவரைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் தப்பான ஆளைப் பற்றிச் சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

அவன் சொன்னது பரவியது. மெஸ்ஸில் சாப்பிடுகிற இரண்டு பேர் தங்கள் மோட்டார் சைக்கிளை மிஸ்திரியிடமிருந்து எடுத்துக்கொண்டு வேறு இடம் போனார்கள். ஒரு வாரம் கழித்து மிஸ்திரி மாட்டுங்காவுக்கே வந்தார். ஸ்டேஷன் வாசலில் நான் இறங்கிவரும் நேரம் பார்த்து நின்றிருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். கொட்டகையில் அல்லாமல் அவரைப் பார்த்தது அன்றுதான். சின்ன உருவமாகத் தெரிந்தார்.

"வண்டியத் தள்ளு வண்டியில கொண்டாந்து பிரிச்சுப் பாத்தேன் சாமி. பிளக்கு சுண்ணாம்பு. ஊசி நான் வச்ச எடத்துல இல்ல. ரெண்டு வெட்டு எறங்கி இருக்கு."

நான் சுற்றிலும் பார்த்தேன். பூக்காரிகள், காபிப்பொடிக் கடை, டிராம் மணி. யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

"சின்னச் சாமிக்கு அதத் தொறக்கவே தெரியாது. நான் செய்யும்போது கிட்ட இருந்து பாத்தது நீங்கதான்."

இல்லை என்று சொல்ல என்னிடம் பத்துப் பதில் இருந்தது. நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களிடம் நான் தினமும் கேட்கிற பதில்கள். "நான்தான்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் போய்ச் சின்னச் சாமிகிட்டச் சொன்னா, தப்பிக்கதுக்குச் சொல்லுதான்ம்பாரு. நீங்களே சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

சொல்லிவிட்டு, ரயிலில் ஏறாமல் தாராவியை நோக்கி நடந்தே போனார். இவரைத்தான் நான் சாமானை மாற்றிவிடுவார் என்று மேட்டில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தது.

அதற்குப் பிறகும் மூன்று நாள் தள்ளினேன். கைவலியோடு இருப்பவனிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்கு. கடைசியில் ஒரு சாயங்காலம், அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது சொன்னேன். அவனால் ஒரு கையால் போட்டுக்கொள்ள முடியாது. நான்தான் தினமும் போட்டுவிடுவேன். முகத்துக்கு முகம் பார்க்காமல் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொல்ல வசதியாக இருந்தது. விசிறிக் காம்பிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டயர் மண்ணை, தலைக்கு எண்ணெய் தடவினதை, பாட்டு முனகினதை. சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பம் என்று எனக்கே கேட்டது.

நான் முடித்த பிறகு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நான் எங்கேயும் போகலைன்னு நோக்கு என்னிக்குத் தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

"நான் விழுந்தது வெள்ளி."

"ஆமாம்."

பொத்தான் போட்டாகிவிட்டது. நான் கையை எடுத்தேன். அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். திட்டியிருந்தால், ஒரு அடி அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி" என்றான். மறுநாள் காலை, கட்டிய கையோடு, தாராவிக்குப் போய் மிஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். மெஸ்ஸிலும் எல்லோரிடமும், தப்பு மிஸ்திரி மேல் இல்லை என்று சொன்னான். யார் மேல் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் மிஸ்திரியிடம் திரும்பிப் போனார், இன்னொருவர் போகவில்லை.

மிஸ்திரி பிஸ்டனை மாற்றி வண்டியை மறுபடி ஓடவைத்தார். ஊசியை ஏற்றி, மேட்டில் ஓட்டி, சிரட்டை நிறம் பார்த்து என்னிடம் கொடுத்தார். நான் விசிறிக் காம்பை முறித்துப் போட்டேன். என் சந்தேகப் புத்தி அன்றோடு அடங்கியது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் ஏறக்குறைய உண்மை. ஆபீசில்கூட நான் இளகிவிட்டதாகப் பேச்சு வந்தது. பூனை தட்டிவிட்டது என்றால், சரி, தட்டியிருக்கும் என்று எழுதினேன். பெரிய குமாஸ்தா என்னைக் கடல் இன்ஷூரன்ஸ் பக்கம் மாற்றிவிட்டார்.

சேஷன் விஷயம் வேறாகப் போனது. கட்டு அவிழ்த்த பிறகு மணிக்கட்டு நேராகவில்லை. பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். அது கண்ணுக்குத் தெரிந்த மாற்றம். மற்றது மெதுவாகத் தெரிந்தது. வண்டியை எடுக்கும் முன் குனிந்து பக்கத் தகட்டைத் தட்டிப் பார்ப்பான். குளிக்கப் போகும்போது கதவை வெளியே பூட்டினான். மெஸ் மாமி இன்று அவியல் என்றால், எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சுக்கு நடுவே நான் எதையாவது சொன்னால் ஒரு நொடி நின்று, பிறகு தலையாட்டுவான். அந்த ஒரு நொடியைக் கொடுத்தவன் நான். என்னிடமிருந்து இறங்கிய பேய் அவன் மேல் ஏறிக்கொண்டது.

ஒரு வருஷத்துக்குள் அவனுக்குக் கல்யாணமாகிச் செம்பூரில் குடிபோனான். வண்டியை ஒரு பார்சிக்காரருக்கு விற்றோம். கல்யாணத்துக்கு நான் போனேன். பந்தியில் எனக்கு இலை போட்டு அவனே பரிமாறினான், இடது கையால் பரிமாறக்கூடாது என்று அந்தக் கோணல் வலது கையால்.

இப்போது சயானுக்கும் செம்பூருக்கும் நடுவே அந்த வெறிச்சோடிய சாலையைத் தேடினால் கிடைக்காது. மேலே ஒரு பாலம், கீழே ஒரு பாலம், இரண்டிலும் நகராத வண்டிகள். சாலையோரத்தில் இருந்த உப்புப் பாத்திகள் போய்விட்டன. கிங்ஸ் சர்க்கிள் டிராம் போயிற்று, கூப்பன் போயிற்று. தோல் கிடங்குகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது. மிஸ்திரி அதற்கு வெகுநாள் முன்பே ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஊர் என்றால் மாறத்தான் செய்யும். அதற்காக நான் ரொம்ப வருத்தப்படுகிறவன் இல்லை.

சேஷனைக் கடைசியாகத் தாதர் ஸ்டேஷனில் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. ஒரே திசையில் போகவேண்டும். பேரன் பேத்தி, மூட்டுவலி என்று பேசிக்கொண்டிருக்கும்போது லோக்கல் வண்டி வந்தது. "இது எல்லா ஸ்டேஷனும் நின்னு குர்லா போற ஸ்லோதான், வா ஏறலாம்" என்று சொல்லி நான் முன்னால் போனேன். அவன் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கூட்டம் இருபக்கமும் இடித்துக்கொண்டு போக, சேஷன் நின்ற இடத்திலேயே நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேலே தொங்கும், வண்டி போகுமிடம் காட்டும் இண்டிகேட்டரை நிதானமாகப் படித்தான். படித்துவிட்டு, "ஆமாம், ஸ்லோதான்" என்றான். பிறகு ஏறினான்.